கை நனைக்காத பிள்ளைகள்

போன மாதம் ஒரு சனிக்கிழமை. காலை ஒன்பது மணிக்கு வீட்டு மணி அடித்தது.

சனிக்கிழமை காலையில், சிட்னியில் எங்கள் ஸ்ட்ராத்ஃபீல்டில் மணி அடிப்பவர்கள் மூன்று வகை. மின்சாரக் கம்பனியை மாற்றச் சொல்பவர்கள். வீட்டை விற்கச் சொல்பவர்கள். மதத்தை மாற்றச் சொல்பவர்கள். மூவருக்கும் என்னிடம் ஒரே பதில்தான் — கதவுக்குப் பின்னால் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பது.

அன்று இருமல் வந்துவிட்டது. அகப்பட்டுக்கொண்டேன்.

வாசலில் ஒரு பையனும் ஒரு பெண்ணும். ஆபிரிக்கர்கள். இருபத்திரண்டு வயது இருக்கும். அவன் கையில் வாளி. அவள் கையில் இரண்டு ஜோடி ரப்பர் கையுறை.

"காலை வணக்கம், சார். உங்கள் வீட்டில் நாங்கள் செய்யக்கூடிய வேலை ஏதாவது இருக்கிறதா?" (பேச்செல்லாம் ஆங்கிலம். என் வசதிக்குத் தமிழில் தருகிறேன்.)

"எவ்வளவு கேட்பீர்கள்?"

"ஒன்றும் வேண்டாம், சார். இலவசம்."

இலவசம் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு இரத்த அழுத்தம் ஏறும். உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது.

"இஞ்சேருங்கோ, ஆர் அது?"

"ரெண்டு பிள்ளையள். வேலை கேக்குதுகள். காசு வேண்டாமாம்."

"காசு வேண்டாமாமோ? அப்ப கதவைச் சாத்துங்கோ!"

சாத்தியிருப்பேன். ஆனால் அந்தப் பெண் ஒரு வார்த்தை சொன்னாள். "இது முப்பத்திரண்டாவது வீடு, சார். முப்பத்தொரு வீட்டில் வேண்டாம் என்றுவிட்டார்கள்."

எண்ணிக்கை வைத்திருக்கிற பிள்ளை! ரயில் நிலையங்களில் பயணிகளை எண்ணி எண்ணியே இந்த நாட்டில் ஓய்வூதியம் வாங்கியவன் நான். என் வாசலில் நின்று ஒருவர் சரியான கணக்குச் சொன்னால் கதவைச் சாத்த முடியுமா? முழுதாகத் திறந்துவிட்டேன்.

பெண்ணின் பெயர் கிரேஸ், பையன் மோசஸ். உகண்டாவில் ஒரு கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தில் படிப்பவர்கள். இங்குள்ள ஒரு கல்லூரியில் ஒரு வருடப் பயிற்சிக்காக வந்து, எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி, தேவாலயத்துக்குப் பின்னால் இருக்கிற பழைய வீட்டில் தங்கியிருக்கிறார்கள். அவர்களுடைய பல்கலைக்கழகம் ஒரு குன்றின்மேல் இருக்கிறதாம். சனிக்கிழமை விடிந்தால் மாணவர்கள் கூட்டம் கூட்டமாகக் குன்றை விட்டு இறங்கிக் கிராமங்களுக்குப் போவார்களாம். முதியவர்களின் வீட்டுக்குத் தண்ணீர் சுமப்பது, மண்சுவர் பூசுவது, போர்வை துவைப்பது. அதற்கு 'அவுட்ரீச்' என்று பெயர்.

இங்கே வந்தார்கள். சனிக்கிழமையும் வந்தது. ஆனால் ஸ்ட்ராத்ஃபீல்டில் உதவி தேவைப்படுகிற மனிதர் ஒருவர்கூட அகப்படவில்லை. அகப்படுவாரா? இந்த ஊரில் வீடு இடிந்து விழுந்தாலும் இடிபாட்டுக்குள்ளிருந்து 'நோ தாங்க்ஸ், வீ ஆர் ஃபைன்' என்றுதான் சத்தம் வரும்.

எனக்கு ஒரு சந்தேகம் மிச்சமிருந்தது. நான் மேய்ஸ் ஹில் முருகன் கோயிலுக்கு வாராவாரம் போகிறவன். கேட்டுவிட்டேன்.

"பிரார்த்தனை ஏதும் செய்வீர்களா?"

"நீங்கள் கேட்டால் செய்வோம், சார்" என்றான் மோசஸ், அண்ணாந்து பார்த்தபடி. "ஆனால் முதலில் மழைநீர் ஓட வேண்டிய உங்கள் கூரைப் பீலி. இலை அடைத்து, அதற்குள் ஒரு மரமே முளைத்திருக்கிறது."

அவன் ஏணியில் ஏறினான். கிரேஸ் வாளி பிடித்தாள். நான் ஏணியைப் பிடித்தேன். ஏணி ஆடினால்? விழுந்தால்? காப்புறுதி யார் பெயரில்? இப்படியெல்லாம் எனக்கு யோசனை. அவனோ மேலே நின்று கதை சொல்லிக்கொண்டிருந்தான்.

விடுதியில் ஓர் அறைக்கு ஆறு பேர். ஆறு பேருக்கும் ஒரே இஸ்திரிப் பெட்டி. ஞாயிறு ஆராதனைக்குச் சட்டை தேய்க்க வெள்ளிக்கிழமையே வரிசை பிடிக்க வேண்டும். மின்சாரம் போய்விட்டால் அறை முழுவதும் சுருங்கிய சட்டையோடு கர்த்தரைச் சந்திக்கும். சாப்பாடு தினமும் பீன்ஸும் சோளக் களியும்தான்.

"இறைச்சியே கிடையாதா?" என்றேன்.

"உண்டு, சார். சில நாள் பீன்ஸில் வண்டு இருக்கும். அன்றைக்கு இறைச்சி நாள்."

"மோசஸ்!" என்று அதட்டினாள் கிரேஸ். அதட்டிவிட்டு அவளே சிரித்தாள்.

வேலை முடிந்தது. மனைவி தேநீரும் வடையும் கொண்டுவந்தாள். வேண்டாம் என்றார்கள். நம்மவர்களும் முதலில் வேண்டாம் என்பார்கள், இரண்டாம் முறையும் என்பார்கள், மூன்றாம் முறை கேட்டால் 'சரி, அரைக் கப்' என்று உட்கார்ந்துவிடுவார்கள். நாங்கள் நான்கு முறை கேட்டோம். வேண்டாம், நன்றி, சார், வருகிறோம், அம்மா — வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

மனைவிக்கு முகம் விழுந்துவிட்டது. "தண்ணிகூடக் குடிக்காமல் போகுதுகள். எங்கட வீட்டில கை நனைச்சா என்ன குறையோ?"

"வெக்கப்படுகுதுகள்" என்றேன். அப்படித்தான் நினைத்தேன்.

இப்போது என் நண்பன் குணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

குணரத்தினம் என்னோடு யாழ்ப்பாணத்தில் ஒரே வகுப்பில் படித்தவன். இப்போது ஹோம்புஷில், என் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். சிட்னியில் என்னை 'டேய்' என்று கூப்பிட உரிமையுள்ள மனிதர்கள் ஐந்து பேர் இருந்தார்கள். நாலு பேர் போய்விட்டார்கள். மிச்சம் இவன்தான்.

எட்டு மாதங்களுக்கு முன்பு அவன் மனைவி பத்மா இறந்துபோனாள். அன்றிலிருந்து குணம் அடுப்பை மூட்டவில்லை. கிறீம் கிராக்கர் பிஸ்கட், வாழைப்பழம், கடையில் வாங்கிய பாண். நாங்கள் சாப்பாடு கொண்டுபோனால், 'நான் என்ன அநாதையே?' என்று சண்டைக்கு வருவான். உடம்பு கரைந்து, காற்சட்டையைத் தோளில் வார் போட்டு நிறுத்த வேண்டிய நிலை. நாடெல்லாம் வறட்சி, தோட்டத்துக்குத் தண்ணீர் விடவே கட்டுப்பாடு. ஆனால் அவன் வளவில் மட்டும் எப்படியோ புல் இடுப்பளவு.

அவனுடைய ஒரே மகன் ரமணன் மெல்பேர்னில், ரோவிலில் இருக்கிறான். நல்ல பிள்ளை. எனக்குப் போன் எடுத்தான்.

"அங்கிள், இந்த மாசக் கடைசியில நான் வாறன். அப்பா இப்பிடியே இருந்தா கூட்டிக்கொண்டுதான் போவன். பின்னுக்கு அறை ஒண்டு கட்டியாச்சு."

"அப்பா என்ன சொல்லுறார்?"

"உன்ர விருப்பம் எண்டுறார். அதுதான் பயமாக் கிடக்கு, அங்கிள். அவர் எப்ப இப்பிடிச் சொன்னவர்?"

உண்மைதான். 'உன் விருப்பம்' என்று குணம் வாழ்க்கையில் யாருக்குமே சொன்னதில்லை. பத்மாவுக்குக்கூட.

ரோவிலில் மகனும் மருமகளும் காலையில் வேலைக்குப் போனால் இருட்டிய பிறகுதான் வருவார்கள். கடைக்குப் போவதென்றாலும் கார் வேண்டும். குணத்துக்குக் கார் ஓட்டத் தெரியாது. அந்தப் புது அறையில் உட்கார்ந்து அவன் யாரோடு சண்டை பிடிப்பான்? சரி, அதை விடுங்கள். நான் யாரோடு சண்டை பிடிப்பேன்?

பீலி துப்பரவான அன்று மாலையே எனக்கு ஒரு யோசனை வந்தது. போனை எடுத்தேன்.

"குணம், ஒரு உதவி வேணும்."

"காசெண்டா இல்லை."

"காசில்லையடாப்பா. ஆபிரிக்காவில இருந்து ரெண்டு பிள்ளையள் வந்திருக்குதுகள். கம்பஸில படிக்குதுகள். மாசக்கணக்கா வாய்க்கு ருசியா ஒண்டும் சாப்பிடேல்லை. பாவங்கள்."

"உன்ர மனுசி இருக்கிறா தானே?"

"அவவுக்கு நாரி பிடிச்சுப்போட்டுது."

நாரியும் பிடிக்கவில்லை, இடுப்பும் பிடிக்கவில்லை. அந்த நேரம் அவள் குசினியில் கதிரை மேல் ஏறி நின்று மேல்தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குச் சமைக்கத் தெரியாது, மச்சான்."

"பத்மா இருக்கேக்க ஞாயிற்றுக்கிழமை ஆட்டிறைச்சி காய்ச்சினது ஆர்?"

வைத்துவிட்டானோ என்று நினைத்தேன்.

"எத்தினை பேர் எண்டனீ?"

"ரெண்டு."

"அப்ப... ரெண்டு கிலோ இறைச்சி காணுமே?"

அடுத்து பிள்ளைகளிடம் போனேன். "என் நண்பர் தனியாக இருக்கிறார். வீடு முழுக்கப் புல். உதவி என்று சொன்னால் கதவைச் சாத்திவிடுவார். ஒன்றும் கேட்காமல் வேலையைத் தொடங்கிவிடுங்கள்" என்றேன்.

பாருங்கள் என் சாமர்த்தியத்தை. இவர்களுக்கு அவன் ஏழை. அவனுக்கு இவர்கள் ஏழை. இரண்டு பக்கமும் தொண்டர்கள். நடுவில் நான் மட்டும் சும்மா.

சனிக்கிழமை வந்தது. பிள்ளைகள் எங்கிருந்தோ ஒரு புல்வெட்டும் இயந்திரத்தை இரவல் வாங்கி வந்திருந்தார்கள். வாசலுக்கு வந்த குணத்தைப் பார்த்து எனக்கே ஆச்சரியம் — முகச்சவரம் செய்திருந்தான்! "சாப்பிட வந்த பிள்ளையள் ஏன் புல்லு வெட்டுதுகள்?" என்று கேட்டான். "சும்மா சாப்பிட வெக்கமாம்" என்றேன். "நல்ல வளர்ப்பு" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்விட்டான்.

முன்பக்கம் புல் விழுந்துகொண்டிருந்தது. பின்பக்கம் ரம்பையும் கறிவேப்பிலையும் எண்ணெயில் பொரிகிற வாசம். எட்டு மாதத்துக்குப் பிறகு அந்தச் சன்னலில் ஆவி படிந்திருந்தது. நான் இரண்டுக்கும் நடுவில் நின்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

வேலை முடிந்தது. மேசையில் நான்கு சாப்பாட்டுக் கோப்பைகள். குணம் சட்டியைத் திறந்துவைத்தான்.

"கையைக் கழுவிக்கொண்டு வாருங்கள், சாப்பிடலாம்."

மோசஸ் கிரேஸைப் பார்த்தான். கிரேஸ் தரையைப் பார்த்தாள்.

"நன்றி, சார். நாங்கள் புறப்படுகிறோம்."

குணம் சிரித்தான். முதல் 'வேண்டாம்' தானே? மறுபடி கேட்டான். மறுபடி வேண்டாம். மூன்றாம் முறையும் வேண்டாம். நான்காவது முறை அவன் குரல் மாறியது.

"ஆட்டிறைச்சி சாப்பிட மாட்டீர்களா?"

"மிகவும் பிடிக்கும், சார். ஆனால்..."

குணம் என் பக்கம் திரும்பித் தமிழுக்கு மாறினான். "என்னடா இது? பசியோட வருகுதுகள் எண்டெல்லே சொன்னனீ?"

மோசஸுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் முகம் படிக்கத் தெரியும். ஏதோ பிழை என்று விளங்கி, உண்மையைச் சொல்லித் தப்பப் பார்த்தான். "சார், உங்களுக்கு உதவி தேவை என்று இவர்தான் சொன்னார்."

"எனக்கு? உதவி?"

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஆட்டிறைச்சியைப் பார்த்தேன்.

"விசரா" என்றான் குணம். சத்தமாகச் சொல்லவில்லை. சத்தமாகச் சொல்லியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். சட்டி மூடியை எடுத்து மெல்ல மூடினான். மூடிய விதத்தைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிட்டது. ரமணன் வருகிற நாளில் இவன் தானே பெட்டியைக் கட்டிக்கொண்டு வாசலில் நிற்பான்.

அப்போது கிரேஸ் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு அவன் எதிரில் உட்கார்ந்தாள்.

"சார், நான் முதலாம் வருடம் படிக்கும்போது நடந்தது. ஐந்து பேர் ஒரு வீட்டுக்குப் போனோம். செங்கல் அறுத்துப் பிழைத்த முதியவர், தனி ஆள். சுவர் பூசிக் கொடுத்தோம். அவர் எங்களுக்குத் தேநீர் வைத்தார். பால் விட்டுக் காய்ச்சி, ஆளுக்கு இரண்டு குவளை. எங்களுக்கோ ஒரே கொண்டாட்டம். பாட்டுப் பாடிக்கொண்டு குன்று ஏறினோம். அடுத்த சனிக்கிழமை போனால், அவர் பச்சை மரவள்ளிக்கிழங்கைக் கடித்துக்கொண்டிருக்கிறார். வீட்டில் இருந்த கடைசி விறகை எங்கள் தேநீருக்கு எரித்துவிட்டார், சார். முழங்கால் வலி, காட்டுக்குப் போக முடியாது. அந்த வாரம் முழுக்க அவர் வீட்டில் அடுப்பு எரியவில்லை. அதை எங்களிடம் சொல்லவும் இல்லை. பக்கத்து வீட்டார் சொல்லித்தான் தெரியும். அதன் பிறகு எங்கள் போதகர் சட்டம் போட்டார் — உதவப் போன வீட்டில் ஒரு வாய் தண்ணீர்கூடக் கூடாது."

குணமும் ஒரு கதிரையில் உட்கார்ந்து மேசைமேல் கை வைத்தான். பிறகு ஆங்கிலத்தில், அவளிடம் மட்டும் சொன்னான்.

"இந்த வீட்டிலும் அடுப்பு எரியவில்லை. எட்டு மாதம். விறகு இல்லாமல் இல்லை."

கிரேஸ் மேசைமேல் இருந்த அவன் கைக்குப் பக்கத்தில் தன் கையை வைத்தாள். எனக்கு ஏதாவது பேச வேண்டும் போலிருந்தது. நல்லவேளை, பேசவில்லை.

திடீரென்று குணம் எழுந்தான்.

"உங்கள் வீட்டில் எத்தனை பேர்?"

"ஒன்பது பேர், சார்."

"வந்த வீட்டில்தானே சாப்பிடக் கூடாது? உங்கள் வீட்டில் நீங்கள் சாப்பிடலாம்தானே?" துவாயை எடுத்துச் சட்டியைச் சுற்றிக் கட்டினான். "டேய், காரை எடு."

ஸ்ட்ராத்ஃபீல்டுக்குக் கார் நாற்பதில்தான் போனது. குணம் முன்னிருக்கையில், மடியில் சட்டி. ஒவ்வொரு வேகத்தடைக்கும் "மெதுவாடா, குழம்பு, குழம்பு!" என்று கத்தினான். காற்சட்டை நனைந்தது. எட்டு மாதத்தில் அவன் என்னை இவ்வளவு திட்டியதில்லை. காதுக்கு இதமாக இருந்தது.

அங்கே ஒன்பது பிள்ளைகளும் மேசையைச் சுற்றி நின்று, சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு பாட்டுப் பாடினார்கள். குணம் கண்ணை மூடிக் கும்பிட்டான். பிறகு கல்யாணப் பந்தியில் பரிமாறுவது போல ஒவ்வொரு கோப்பையாகப் போட்டுக்கொண்டு போனான். கையால் பிசைந்து சாப்பிட்டார்கள். ஒருவன் உறைப்புத் தாங்காமல் குழாயடிக்கு ஓடினான். ஓடிப்போய்த் திரும்பி வந்து மறுபடியும் கேட்டான்.

கிரேஸ் குணத்துக்கு ஒரு கோப்பை வைத்தாள்.

"சாப்பிட மாட்டேன்" என்றான் குணம். "வந்த வீட்டில் கை நனைக்கக் கூடாது. உங்கள் சட்டம்தான்."

"சார், அது எங்களுக்குத்தான். வேலை செய்ய வந்தவர்களுக்கு."

"அப்படியானால் இந்தக் கறியை யார் காய்ச்சியது? அது வேலை இல்லையா?"

பிள்ளைகள் சிரித்தார்கள். குணம் சிரிக்கவில்லை. அவன் பிடிவாதம் எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் பிழையாக அடித்தார் என்று ஒரு தவணை முழுக்க அவரோடு பேசாமல் இருந்தவன். தலையில் கை வைத்தேன். மனிதனைச் சாப்பிட வைக்க நான் இவ்வளவு பாடுபட்டால், கடைசியில் சாப்பிடாமல் இருக்க அவனுக்கு ஒரு சட்டத்தையும் தேடிக் கொடுத்திருக்கிறேன்!

மோசஸ்தான் வழி கண்டுபிடித்தான். வெறும் சட்டியை எடுத்தான். அடியிலும் ஓரத்திலும் குழம்பு ஒட்டியிருந்தது. அதற்குள் இரண்டு கரண்டி சோற்றைப் போட்டுக் குணத்திடம் நீட்டினான்.

"சார், இந்தச் சட்டி யாருடையது?"

"என்னுடையது."

"அப்படியானால் இது உங்கள் வீடு. எங்கள் ஊரில் சட்டியை வழிக்கிற உரிமை சமைத்தவருக்குத்தான்."

சட்டிக்குள் சோறு போட்டுப் பிரட்டித் தின்கிற ருசியை உகண்டாக்காரனுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? தெரியாது. குணம் சட்டியைப் பார்த்தான். அவனைப் பார்த்தான். பிறகு கையை உள்ளே விட்டான். நான் எண்ணினேன் — பதினேழு வாய். கடைசியில் விரலால் அடியை வழித்தபோது, "உப்புக் கொஞ்சம் குறைவு. அடுத்த கிழமை சரியாப் போடுறன்" என்றான்.

மாதக் கடைசியில் ரமணன் வந்தான். சனிக்கிழமை மத்தியானம் எனக்குப் போன்.

"அங்கிள், வீடு பூட்டிக் கிடக்கு. அப்பா போன் எடுக்கிறாரில்லை. எனக்கு நெஞ்சு படபடக்குது."

"பயப்படாதை. தேவாலயத்துக்குப் பின்னால வா" என்று வழி சொன்னேன். நானும் போனேன்.

குணம் அந்த வீட்டுக் குசினியில் ஏப்ரனோடு நின்று, வெங்காயத்தைப் பெரிதாக வெட்டியதற்காக ஓர் உகண்டாப் பையனை ஏசிக்கொண்டிருந்தான். ரமணன் வாசலிலேயே நின்றுவிட்டான். தோளில் வெறும் பை இரண்டு — தகப்பனின் உடுப்புகளை எடுத்துப் போகக் கொண்டுவந்தவை.

"அப்பா... வெளிக்கிடுங்கோவன். நாளைக்கு ஃப்ளைட்."

"எங்க?"

"ரோவிலுக்கு. சொன்னனான் தானே?"

"நாளைக்கு ஏலாது. ஞாயிற்றுக்கிழமை இந்தப் பிள்ளையளுக்கு இடியப்பம் பிழிஞ்சு காட்டுறன் எண்டு சொல்லிப்போட்டன்."

"அப்ப அடுத்த கிழமை?"

"அடுத்த சனி கூழ். இன்னும் கடையில மீனுக்குச் சொல்லேல்லை." கரண்டியால் மகனைச் சுட்டினான். "நிண்டு பாக்காமல் கையைக் கழுவிப்போட்டு வா. அந்த மூலையில தேங்காய் இருக்கு, திருவு."

ரமணன் என்னைப் பார்த்தான். சிரிக்கவா அழவா என்று தெரியாத முகம். பைகளைக் கீழே வைத்தான். சட்டைக் கையை மடித்துக்கொண்டு தேங்காய் திருவப் போனான்.

மறுநாள் அவன் வெறும் பையோடு மெல்பேர்னுக்குத் திரும்பினான். விமான நிலையத்திலிருந்து எனக்குப் போன் எடுத்து, "தாங்க்ஸ், அங்கிள்" என்றான். நான் ஏதோ சாதித்தவன் போல, "பரவாயில்லை, பரவாயில்லை" என்றேன்.

இப்போது நிலைமை என்ன தெரியுமா? புதன் வந்தால் குணம் இறைச்சிக் கடையில். வியாழன் மரக்கறிச் சந்தையில். வெள்ளி மசாலா வறுக்கிறான். சனி சமையல். ஞாயிறு சட்டி கழுவுகிறான். திங்களும் செவ்வாயும் களைப்பாறுகிறான். நான் போன் எடுத்தால், "அடுப்பில கிடக்கு மச்சான், பிறகு கதைக்கிறன்" என்று வைத்துவிடுகிறான்.

ரோவிலுக்கே போயிருந்தால், பொழுது போகாமல் நாளுக்கு ஒரு தடவையாவது எனக்குப் போன் எடுத்திருப்பான்!